ஆடியில் மட்டும் பேசுகிறவர்கள்

என் ஆராய்ச்சிக்கு ஆண்டில் இரண்டே மாதங்கள்தான் உண்டு. ஆடியும் மார்கழியும். மற்ற மாதங்களில் கடலூர் மாவட்டத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் எனக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், பேச ஆளை மட்டும் கொடுக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் யாராவது சம்பந்தம் பேச வந்துவிடலாம். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்பது அப்போது வெளியே தெரியக்கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பெண் பார்க்கக் கிளம்புவதில்லை. அதனால் அந்த இரண்டு மாதங்களில் கதவு கொஞ்சம் திறக்கும்.

இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. அலைந்து, கால் வலித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு பெரியவர் பேசச் சம்மதித்திருந்தார். வைகாசியில் போனேன். "அண்ணன் பையனுக்கு ஆவணில கல்யாணம் வச்சிருக்கு, முடிஞ்சதும் வாங்கம்மா" என்று அவர் வீட்டில் சொன்னார்கள். ஆவணி முடிந்து போனேன். "புது மருமவ வூட்ல இருக்குது, அது காதுல வுழுந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்கள். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும் நேரம் பார்த்து மூன்றாவது முறை போனபோது பெரியவர் காலமாகிவிட்டிருந்தார். அவர் என்ன சொல்ல வைத்திருந்தாரோ, அது போயே போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, எங்கள் பகுதியில் மனநல மருத்துவத்தின் வரலாறு, நோயாளிகள் சொன்னபடி. இந்தத் துறையின் வரலாற்றுப் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. எந்த ஆண்டு எந்தச் சட்டம் வந்தது, எந்தக் கட்டடத்தை யார் திறந்துவைத்தார், எந்த மருந்து எப்போது கப்பலில் வந்து இறங்கியது என்று எல்லாம் இருக்கிறது. கட்டடத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. நோயாளிகள் எங்கே என்று தேடினால் ஒரு புகைப்படத்தில் இருப்பார்கள். மொட்டைத் தலையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே மருத்துவர்களின் பெயர்கள் மட்டும் இடமிருந்து வலமாக எழுதியிருக்கும்.

அந்த வரிசையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் நோயாளிதான். கல்யாணமாகி இரண்டாவது வருடம் படுத்தேன். மருத்துவமனையில் இருந்தேன், ஷாக் வைத்தார்கள், எழுந்து வந்தேன், இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன். இது என் கணவருக்குத் தெரியும், அம்மா இருந்தவரை அம்மாவுக்குத் தெரியும், என் அக்காவுக்குத் தெரியும். கல்லூரியில் யாருக்கும் தெரியாது. தலைப்பைச் சொன்னதும் என் அக்கா கேட்ட முதல் கேள்வி, "உன்னப் பத்தி எழுத மாட்ட இல்ல?" அவள் மகளுக்கு ஜாதகம் வெளியே எடுத்திருந்தார்கள். "மத்தவங்களப் பத்தித்தான் எழுதப் போறேன்" என்றேன். அவள் நிம்மதியாகக் காபி போட எழுந்து போனாள்.

அந்த மற்றவர்களில் ஒருவர்தான் கடலூர் முதுநகரில் தன் தம்பி வீட்டில் இருக்கும் இன்னொரு அக்கா. என் உடன்பிறந்தவள் இல்லை. அறுபதை ஒட்டிய வயது. நான் மாத்திரை வாங்கப் போகும் இடத்தில் அவரும் வாங்குவார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அத நீங்க புக்குல போடணும்" என்று அவராகவே சொன்னார். இத்தனை வருடத்தில் என்னைத் தேடி வந்து பேசுகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

ஆனால் எங்கள் நெறிமுறைக் குழுவுக்கு அவர் சொல்வது போதாது. நோயாளி தன் கையெழுத்தைத் தானே போடலாம் என்று சட்டம் மாறிவிட்டது. குழுவின் பழக்கம் மாறவில்லை. காப்பாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அக்காவின் காப்பாளர் அவருடைய தம்பி, பாத்ரூம் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அக்காவை வேளாவேளைக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறவர். ஆடி மாதமாகப் பார்த்துப் போனதால் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் முதலில் என்ன நினைவு வருகிறது என்று கேட்டேன்.

"டீ" என்றார்.

"டீயாக்கா?"

"ஆமா. காலைல எல்லாருக்கும் டீ வரும். கரன்ட்டு வைக்கிற அன்னிக்கி மட்டும் நமக்கு வராது, வெறும் வயித்துல இருக்கணும். வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டாங்க. டீ நம்மளத் தாண்டிப் போச்சின்னா இன்னிக்கி நமக்குன்னு அர்த்தம். அந்த டீக்காரு வர்ற சத்தம் கேட்டாலே போர்வைய இழுத்து மூடிக்குவேன்."

"அங்கெல்லாம் டீ நல்லாத்தான் குடுத்தாங்க மேடம்" என்றார் தம்பி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரித்திருப்பேன், இல்லையென்றால் அவரைத் திட்டியிருப்பேன். அக்கா கண்டுகொள்ளவில்லை. கீரைக் காம்பை ஓரமாக வைத்துவிட்டு, தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

திருவதிகைப் பக்கம் அவரைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, தூக்கம் போய், பேச்சு மாறி, மாமியார் கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். முதல் தடவை ஷாக் வைக்கும் நாள். அதற்கு முன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அது அவருக்கு அப்போது தெரியாது.

"மாமியார வெளிய நிக்க வச்சிட்டு ஒரு நர்ஸம்மா வந்திச்சி. கம்மல எடுத்திச்சி, மூக்குத்திய எடுத்திச்சி, வளையல எடுத்திச்சி. கடைசியா கழுத்துல கைய வச்சித் தாலிய எடுத்திச்சி. கை ஜில்லுனு இருந்திச்சி. என்னாத்துக்குன்னு சொல்லல. எனக்கு என்ன தோணும்? வளையலும் தாலியும் ஒண்ணா எடுத்தா என்ன அர்த்தம்? அவரு செத்துட்டாருன்னு நெனச்சிட்டேன். கத்துனேன். புடிச்சி அமுக்குனாங்க. அப்பறம் ஒண்ணும் தெரியல. கண்ணு முழிச்சா மாமியாரு நிக்கிது. தாலி எங்கடீன்னு கேக்குது. எனக்கு என் பேரே தெரியல அப்ப. தெரியலன்னேன். தாலி கட்டிலுக்கு அடியில கெடந்திச்சாம். புருஷன் கட்டுன தாலியக் கழட்டி எறிஞ்சிட்டா பாருன்னு ஊரக் கூட்டிடிச்சி."

அதோடு அவர் வாழ்க்கை முடிந்தது. பைத்தியத்தைக்கூட அந்த வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். தாலியைக் கழற்றி எறிந்தவளைப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நேராகத் தாய்வீட்டுக்கு வந்தார். கணவருக்கு வேறு கல்யாணம் ஆயிற்று.

"இல்ல மேடம்" என்றார் தம்பி, மெதுவாக, எனக்கு மட்டும் சொல்வதுபோல. "அக்காவுக்கு அதெல்லாம் கொழப்பம். அதுதான் கழட்டி எறிஞ்சிது. மாமியாரே பாத்துருக்காங்க."

"நீ பாத்தியாடா?" என்றார் அக்கா.

"நான் அப்ப அஞ்சாவது படிச்சிக்கிட்டிருந்தேன்."

"அப்பறம் என்னத்தடா பேசுற?"

தம்பி டிவி ரிமோட்டை எடுத்து எதையோ அமுக்கினார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் கழட்டல. இத என் பேரப் போட்டு எழுது. ஊர்ல அந்தக் கதைய என் பேரச் சொல்லித்தான சொல்றாங்க? பதிலுக்கும் என் பேரு வேணும்ல?"

என்னிடம் இதைவிட நியாயமான ஒரு கோரிக்கையை இந்த ஆராய்ச்சியில் யாரும் வைத்ததில்லை. எழுதுகிறேன் அக்கா என்றேன்.

சிதம்பரம் வந்து அத்தியாயத்தை எழுதி என் நெறியாளரிடம் கொடுத்தேன். படித்தவர், பண்பானவர், குரலை உயர்த்தாதவர். அதுதான் தொல்லை. குரலை உயர்த்துகிறவரோடு சண்டையாவது போடலாம்.

"ரொம்ப உருக்கமா இருக்கு மேடம். ஆனா சாட்சியம் வேணும். ஷாக் ட்ரீட்மென்ட்டுக்கு அப்பறம் மெமரி லாஸ் வரும்னு நீங்களே போன சாப்டர்ல எழுதியிருக்கீங்க. ஞாபகம் போனவங்க ஞாபகத்த வச்சி எப்பிடி வரலாறு எழுதறது?"

"மறதி அதுக்கு அப்பறம்தான சார்? தாலிய எடுத்தது அதுக்கு முந்தி."

"முந்தி நடந்ததும் சில பேருக்கு மறக்கும்."

"மாமியார் கதவுக்கு வெளிய நின்னாங்க சார். தம்பி அஞ்சாவது படிச்சாரு. அவுங்களுக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

"ஃபேமிலி வெர்ஷன் ஒரே மாதிரி இருக்கே மேடம்."

"எல்லாரும் மாமியார் சொன்னதத்தான சார் திருப்பிச் சொல்றாங்க?"

அவர் புன்னகைத்தார். பக்க ஓரத்தில் பென்சிலால், 'நோயாளியின் கூற்றைக் குடும்பத்தார் மறுக்கின்றனர்' என்று அடிக்குறிப்பு சேர்க்கச் சொல்லி எழுதினார். சிகிச்சை என்ற பெயரில் ஒருவருடைய ஞாபகத்தைக் கலைப்பது, பிறகு உனக்குத்தான் ஞாபகம் இல்லையே என்று அவரை ஒதுக்கிவைப்பது. மருத்துவமனை பாதியில் விட்டதை வரலாற்றுத் துறை செய்து முடிக்கிறது.

சாட்சியம் இருந்தது. அங்கேயே, அவர் மேசைக்கு எதிரே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

எனக்கு ஷாக் வைக்க இருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம், பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் அம்மா என் அம்மாவிடம் வந்தார். "நாளைக்கித் தாலிச் சரட கழட்டச் சொல்லுவாங்க. வெறுங்கழுத்தா உள்ள வுடாதீங்க, புள்ள பயந்துடும். மஞ்சக் கயித்துல ஒரு மஞ்சளக் கட்டிப் போட்டுடுங்க. நர்ஸுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அம்மா கடைக்குப் போய்க் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வந்தார். காலையில் நர்ஸ் என் தாலியை எடுத்தபோது என் கழுத்தில் மஞ்சள் இருந்தது. அந்த அறைக்குள் என்னைத் தாங்கிப் பிடித்தது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். நான் குணமாகி வருவதற்குள் என் அம்மா இன்னொரு பெண்ணின் அம்மாவுக்கு அதைச் சொல்லிவிட்டிருந்தார். கட்டிலிலிருந்து கட்டிலுக்கு இப்படியே போய்க்கொண்டிருந்த வழக்கம் அது. எந்த மருத்துவரும் கண்டுபிடிக்காதது, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. யாரோ ஒரு பெண் அந்த அறைக்குள் வெறுங்கழுத்தோடு போய்க் கத்திய பிறகுதான் இந்த யோசனை யாருக்கோ வந்திருக்கும். அக்காவுக்கு அதைச் சொல்ல அன்று யாரும் இல்லை, அவ்வளவுதான்.

நெறியாளரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். வார்டில் தாலியை நர்ஸ்கள்தான் கழற்றுவார்கள், அதனால் மஞ்சள் கட்டுகிற வழக்கமே இருந்தது சார் என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "அட. இது நல்ல தகவலாச்சே. யாரு சொன்னா?"

"ஒரு நோயாளி சார்."

"பேரு?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். மூடியைத் திருகி மூடினேன். "பேர் வெளிய வர வேணாம்னு சொன்னாங்க சார்."

"அப்ப அதுக்கும் சாட்சியம் வேணுமே மேடம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

தை பிறந்ததும் கடலூரிலிருந்து தம்பியின் போன் வந்தது. பெரிய மகளுக்கு விருத்தாசலத்திலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது, நல்ல இடம். "அந்தக் கையெழுத்த வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம். ரெக்கார்டிங்கெல்லாம் அழிச்சிடுங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, பொண்ணு விஷயம்." அக்காவிடம் கேட்டீர்களா என்றேன். "அவுங்ககிட்ட என்னத்த மேடம் கேக்குறது?" என்றார். கெஞ்சினேன். பெயர் இல்லாமல் போடுகிறேன், ஊரை மாற்றிப் போடுகிறேன் என்றேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்தது.

சில நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டார். குரலில் ஒரு குழைவு. "மேடம், ஒரு ஹெல்ப். ஞாயித்துக்கிழம பொண்ணு பாக்க வர்றாங்க. அன்னிக்கி ஒரு நாள் அக்காவ உங்க வூட்ல வச்சிக்கிறீங்களா? சொந்தக்காரங்க வூட்டுக்கு அனுப்புனா ஏன் எதுக்குன்னு பேச்சு வரும். உங்களுக்கும் அக்காகூடப் பேசுறது ரொம்பப் புடிக்கும்."

அக்கா சொன்னதையெல்லாம் அழிக்கச் சொன்ன மனிதர், அக்காவை ஒளித்துவைக்க என் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் மனதில் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொண்டுவந்து விடுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வாசலோடு திரும்பிப் போய்விட்டார். அக்கா நல்ல புடவை கட்டியிருந்தார், பையில் மாத்திரையும் மாற்றுப் புடவையும் இருந்தன. டீ போட்டு, முறுக்கோடு கொடுத்தேன். டம்ளரை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீ வந்துடிச்சி. அப்ப இன்னிக்கி கரன்ட்டு இல்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சிரிப்பு புரிந்திருக்காது.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும்" என்றார். "பொண்ணு பாக்க வர்றாங்க. நான் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொல்லுவாங்க. அதுவும் யாராச்சும் கேட்டாத்தான். யாரு கேக்கப் போறா? அந்தப் பொண்ண நான்தான் தூக்கி வளத்தேன். அதுக்கு முகூர்த்தப் பொடவ எடுக்கறப்பவாச்சும் கூப்புடுவாங்களான்னு பாக்குறேன்."

மறைக்க மனம் வரவில்லை. நெறியாளர் சாட்சியம் கேட்டதையும், தம்பி கையெழுத்தை வாபஸ் வாங்கிவிட்டதையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் எப்பிடி வேணாங்குறது? தாலி அவன் கழுத்துலயா கெடந்திச்சி?"

"குழுவுல அவர் கையெழுத்துதான்க்கா செல்லும்."

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச நான் உக்காந்துருக்கேன். எங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்குனாங்களா? வாங்க மாட்டாங்க. நான் பைத்தியம்." அவர் குரல் உயரவில்லை. "சரி, அத வுடு. நான் கழட்டலங்குறத நீயாச்சும் நம்புறியா?"

"நம்புறேன்க்கா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. எப்பிடி நம்புற?"

அப்போதுதான் சொன்னேன். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை வாங்கும் பழக்கம் இருந்தும், எனக்கு எதற்கு மாத்திரை என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வார்டைச் சொன்னேன், பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மாவைச் சொன்னேன், கயிற்றையும் மஞ்சளையும் சொன்னேன். அவர் வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் கேட்டார்.

"வெரலி மஞ்சளா, குண்டு மஞ்சளா?"

"விரலிதான்க்கா."

"கயிறு புதுசா?"

"புதுசு. ஈரமா இருந்துச்சி. அம்மா அப்பதான் மஞ்சள் தடவினாங்க."

அவர் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை, பல வருடங்களாக இல்லை. "எனக்கு யாரும் கட்டல" என்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் தாங்கவில்லை. அத்தனை வருடமாக அவர் தான் சொல்வதை நம்ப ஒரு ஆள் தேடியிருக்கிறார். அந்த ஆள் அதே பெஞ்சில், பக்கத்திலேயே இருந்திருக்கிறாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "சாட்சி இல்லன்னாரே உங்க சாரு. நீ இருக்கியே. போய்ச் சொல்லு."

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது, போனில் பதிவு போடச் சொன்னார். போட்டேன். தன் பெயர், அப்பா பெயர், புருஷன் பெயர், கட்டிக்கொடுத்த ஊர் என்று கோர்ட்டில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "நான் தாலியக் கழட்டல. நர்ஸம்மா கழட்டிச்சி. இத நான் சுயபுத்தியோட சொல்றேன்." போனை என் கையில் தள்ளிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

சாயங்காலம் தம்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. பெண்ணைப் பிடித்துவிட்டதாம். "அக்கா ஏதாச்சும் தொந்தரவு குடுத்தாங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். அக்கா காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

அந்தப் பதிவைக் குழு ஏற்கவில்லை. காப்பாளர் விலகிய பிறகு எடுத்தது செல்லாது. அத்தியாயம் போயிற்று, அடிக்குறிப்பு உட்பட. என் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், குரலற்றவர்களின் குரலை நான் ஒலிக்கச் செய்ததாகப் பாராட்டினார். கைதட்டினார்கள். பிஸ்கட்டும் காபியும் கொடுத்தார்கள். குரலற்றவர்களாம். அந்த அம்மாளுக்குக் குரல் இல்லை என்று யார் சொன்னது? எங்கள் யாருக்கும் காது இல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வாய் இல்லை என்று சொல்லுங்கள், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கல்யாணம் முடிந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க அக்காவைக் கூப்பிடவில்லை. சில மாதம் பொறுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, இப்போதாவது கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். "பொண்ணு முழுகாம இருக்கு மேடம். வளைகாப்பு முடியட்டும்." வளைகாப்பு முடிந்து கேட்டேன். "சின்னவ காலேஜ் முடிக்கிறா மேடம்" என்றார். அவர் வீட்டில் கல்யாணம் எல்லாம் தீர்ந்து, நானும் ஓய்வுபெற்று, அக்காவுக்கு எண்பது வயதாகும்போது ஒருவேளை எங்கள் மாவட்டத்தின் மனநல மருத்துவ வரலாற்றை எழுத முடியலாம். அதுவும் ஆடி மாதமாக இருந்தால்.

குழு இல்லாத, நெறியாளர் இல்லாத இடம் ஒன்று வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே யாரும் சாட்சியம் கேட்கப் போவதில்லை. எழுதி முடித்த அன்று அக்காவுக்கு போன் செய்தேன். ஆடி மாதம், தம்பி கடையில் இருக்கும் நேரம். தம்பி மனைவி மறுப்பு சொல்லாமல் போனைக் கொடுத்தார். முழுவதையும் படித்துக் காட்டினேன். அக்கா டீ வருகிற இடத்தில் மட்டும் சிரித்தார்.

"மஞ்சளும் போட்டுட்ட" என்றார்.

"போட்டுட்டேன்க்கா."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா படிக்கறப்ப எங்கயும் எம் பேரு வரலியே?"

"போடலக்கா. தம்பி வாபஸ் வாங்கிட்டாரு இல்ல. அதான் அக்கான்னே எழுதியிருக்கேன்."

"எந்த அக்கான்னு திருவதிகைல இருக்கறவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

"உம் பேராச்சும் இருக்கா?"

"இல்லக்கா. அதுவும் போடல."

கோபமே இல்லாமல், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"ஏன், உங்க வூட்லயும் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"எங்க அக்கா பொண்ணுக்கு ஆவணில வர்றாங்கக்கா" என்றேன்.